பழைய டீசல் எஞ்சினில் வெள்ளைப் புகை: எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது

கறுப்புப் புகை என்றால் டீசல் பாதி எரிந்து கரியாகிறது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை இரண்டில் ஒன்று: சிலிண்டருக்குள் போன டீசல் பற்றாமல் ஆவியாகி அப்படியே வெளியே வருகிறது, இல்லையென்றால் எங்கிருந்தோ உள்ளே தண்ணீர் இறங்குகிறது. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுப்பதில் பயனில்லை. புகை வெள்ளை என்றதும், டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றுவது பலரின் பழக்கம். ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்டும் பழைய எஞ்சின்களில் கோளாறு அங்கே இருப்பதைவிடக் கம்ப்ரஷனிலும் (காற்று அமுங்கும் அளவு) டைமிங்கிலும் (டீசல் தெறிக்கும் நேரம்) இருப்பதே அதிகம். இவை இரண்டையும் தொடாமல் இன்ஜெக்டர் நுனியில் புது நாசில் போட்டால் இரண்டு நாள் நன்றாக ஓடி, பழையபடி புகைக்கும்.

கீழே சொல்வது ஒற்றை சிலிண்டரோ இரட்டை சிலிண்டரோ உள்ள, மெதுவாக ஓடும், தண்ணீரால் குளிரும் எஞ்சின்களுக்கு. கனமான ஃப்ளைவீல், சிலிண்டருக்கு ஒரு டீசல் பம்ப், கையால் சுற்றித் தொடங்கும் வகை.

முதலில்: டீசலா, தண்ணீரா?

சைலன்சர் வாயிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, குளிர்ந்த இரும்புத் தகடு ஒன்றைப் பத்து வினாடி பிடியுங்கள். அதில் படிந்ததை விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால், பச்சை டீசல் வாசம் அடித்தால், எரியாத எரிபொருள். வெறும் ஈரமாக இருந்து சீக்கிரம் காய்ந்தால் தண்ணீர். வெள்ளைத் தாளைப் பிடித்தும் பார்க்கலாம்: தண்ணீர் காய்ந்ததும் தடம் இருக்காது, டீசல் எண்ணெய்க் கறையாக நிற்கும்.

கண்ணும் மூக்கும்கூடச் சொல்லிவிடும். டீசல் புகை கண்ணை எரிக்கும், தொண்டையைப் பிடிக்கும், குழாயைவிட்டு வெகுதூரம் போயும் மூடுபனிபோலத் தாழ்ந்து மிதக்கும். நீராவி கொஞ்ச தூரத்திலேயே கரைந்துவிடும். ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றியிருந்தால் புகையில் இனிப்பான வாசம் வரும். இந்தச் சோதனைகளைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய அறைக்குள் எந்தப் புகையையும் முகர்ந்து பார்க்காதீர்கள். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு வாசமே கிடையாது.

எப்போது வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஐந்து நிமிடம் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் அது குளிர்; இரும்பு சூடாகும்வரை எந்தப் பழைய எஞ்சினும் கொஞ்சம் புகைக்கும். சூடான பிறகும், லோடு கொடுத்த பிறகும் நிற்காத புகைதான் கோளாறு. விட்டுவிட்டு, ஒரு வெடி தப்பும்போதெல்லாம் ஒரு கொத்தாக வந்தால் எரிபொருளில் காற்றோ தண்ணீரோ கலந்திருக்கிறது.

டீசல் ஏன் பற்றாமல் போகிறது?

டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறுவதே அதைப் பற்றவைக்கிறது. அதற்குக் கிடைக்கும் நேரமும் மிகக் குறைவு. நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் எஞ்சினில் கிராங்க் 20 டிகிரி திரும்ப 5 மில்லிவினாடிதான் ஆகிறது. அதற்குள் டீசல் பொடிப்பொடியாகத் தெறித்து, ஆவியாகி, பற்ற வேண்டும். காற்று போதிய அளவு சூடாகாவிட்டாலும், டீசல் துளி பெரிதாக இருந்தாலும், டீசல் தாமதமாக வந்தாலும் முடிவு ஒன்றே, வெள்ளைப் புகை. எதைக் கழற்றும்போதும் இந்த மூன்றில் எதைத் தேடுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

டாங்கின் அடியிலிருந்து ஒரு லிட்டர் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு கட்டி நிற்கும். உடனே தெரிய வேண்டுமென்றால், தண்ணீர் கொதிக்கும் சூட்டைச் சற்றே தாண்டிய இரும்புத் தகட்டில் இரண்டு சொட்டு விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது, தகடு பழுக்கக் காய்ந்திருக்கவும் கூடாது. தண்ணீர் இருந்தால் டாங்கையும் ஃபில்டர் கிண்ணத்தையும் முழுவதும் வடித்து, ஃபில்டரை மாற்றுங்கள். மாதக்கணக்கில் கிடந்த டீசலையும், சமையல் எண்ணெய் போன்றவை கலந்த டீசலையும் ஒதுக்கிவிட்டு, ஒரு சிறு கேனில் புது டீசல் வைத்து ஓட்டிப் பாருங்கள். அரைமணி நேர வேலை, பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அடுத்தது காற்று. டாங்க் குழாயைத் திறந்து, ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் முழுதாக வரும்வரை விட்டு மூடுங்கள். பிறகு பம்பின் ஏர் ஸ்க்ரூ. கடைசியாக இன்ஜெக்டர் பக்க நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி, ஃப்ளைவீலைச் சுற்றி டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். ஏர் எடுத்த மறுநாளே திரும்பக் காற்று சேர்ந்தால், டாங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு வாஷரோ ரப்பர் குழாயோ காற்றை உறிஞ்சுகிறது. டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே தொல்லை வரும். மூடியைத் திறந்து வைத்து ஓட்டினால் தெரிந்துவிடும்.

பிறகு எஞ்சினின் சூடு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. இறைக்கும் தண்ணீரையே ஜாக்கெட் (சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறை) வழியாக ஓடவிடும் எஞ்சின்களில் வெளியே வரும் தண்ணீர் கைக்கு இதமாகவே இருக்கும். எஞ்சின் நன்றாகக் குளிர்கிறது என்று அதைப் பார்த்துத் திருப்திப்படுவார்கள். உண்மையில் சிலிண்டரின் உள் உறையான லைனர் குளிர்ந்தே கிடக்கிறது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டை அது உறிஞ்சிக்கொள்கிறது, டீசல் அதன்மேல் பட்டு எரியாமல் வழிகிறது. வெளிவரும் தண்ணீர் 70 முதல் 80 டிகிரிக்கு வரும்படி குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிச் சரிசெய்யுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த எஞ்சினாக இருந்தால் அதைத் திரும்பப் போடுங்கள்.

லோடும் அப்படித்தான். 10 குதிரைத்திறன் எஞ்சினில் 2 குதிரைத்திறன் வேலையை நாள் முழுக்க வாங்கினால் அது ஒருநாளும் சூடேறாது. பாதி லோடுக்கு மேல் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். புகை நின்றுவிட்டால் எஞ்சினில் குறையில்லை, ஓட்டும் முறையில்தான்.

இன்னும் ஒன்று, சுற்றித் தொடங்க எளிதாக எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து வைக்கும் டி-கம்ப்ரஷன் லீவர். அதன் முனை தேய்ந்தோ வளைந்தோ, லீவரை விட்ட பிறகும் எக்ஸாஸ்ட் வால்வை மயிரிழை தூக்கி வைத்திருக்கும். லீவர் ஓய்வில் இருக்கும்போது அதற்கும் ராக்கருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். சில பழைய எஞ்சின்களின் ஹெட்டில், எரிப்பு அறையின் ஒரு பகுதியை மூடித் திறக்கக் கைச்சக்கரத்தோடு ஒரு வால்வு இருக்கும். தொடங்கும்போது மூடினால் கம்ப்ரஷன் கூடும். அதன் இருக்கை அரித்திருந்தால் குளிரில் தொடங்கும்போது புகை அடர்த்தியாக வரும்.

கம்ப்ரஷன்

எரிபொருள் லீவரை நிறுத்தும் நிலையில் வையுங்கள், ஹேண்டிலைக் கழற்றிவிடுங்கள். டி-கம்ப்ரஷன் இல்லாமல் ஃப்ளைவீலைக் கையால் ஓடும் திசையில் தள்ளிக் கம்ப்ரஷன் மேட்டுக்குக் கொண்டுவாருங்கள். நல்ல எஞ்சின் ஸ்பிரிங்போல எதிர்த்துத் தள்ளும். விட்டால் ஃப்ளைவீல் பின்னோக்கித் துள்ளும். அழுத்திப் பிடித்தால் பல வினாடி தாங்கி மெதுவாக இறங்கும். சட்டென்று இறங்கினால் எங்கே 'உஸ்' என்கிறது என்று கேளுங்கள். காற்று உறிஞ்சும் குழாயில் கேட்டால் இன்லெட் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயிலோ பிரீதரிலோ கேட்டால் ரிங்கும் லைனரும். இன்ஜெக்டரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வந்தால் அடி வாஷர். ஹெட்டின் விளிம்பில் வந்தால் கேஸ்கட்.

ரிங்கா என்று உறுதிப்படுத்த, இன்ஜெக்டர் துளை வழியாக 5 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, இன்ஜெக்டரை மாட்டி மறுபடி பாருங்கள். எதிர்ப்பு கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது, மாறாவிட்டால் வால்வு. அளவில் தாராளம் வேண்டாம். 1 லிட்டர் சிலிண்டரில் கம்ப்ரஷன் விகிதம் 17 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் வெறும் 62 மில்லி. அதற்குள் கை நிறைய ஆயில் ஊற்றினால் கனெக்டிங் ராடு வளையும்.

வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் உச்சியில் வைத்து, ஃபீலர் கேஜால் பாருங்கள். சிறு எஞ்சின்கள் பலவற்றில் இது 0.2 முதல் 0.4 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் எஞ்சின் புத்தகம் சொல்வதே கணக்கு. இடைவெளியே இல்லாமல் வால்வு தூக்கி நின்றால், சூடேறும்போது இன்னும் திறந்து, இருக்கை கருகிவிடும். வால்வைக் கடைந்து லேப்பிங் பேஸ்ட் போட்டு உட்காரவைத்தபின், சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். ஹெட்டைத் திருப்பிப் போட்டு, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடம் சொட்டாமல் நிற்க வேண்டும்.

காற்று எங்கும் கசியவில்லை, ஆனாலும் புகை நிற்கவில்லை என்றால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சந்தேகியுங்கள். பலமுறை ஹெட் கழற்றி மாட்டிய எஞ்சின்களில் இது சகஜம். யாரோ ஒருவர் தடித்த கேஸ்கட் போட்டிருப்பார். 100 மி.மீ. துளையும் 127 மி.மீ. வீச்சும் உள்ள சிலிண்டரில் கேஸ்கட் 0.5 மி.மீ. தடித்தால் மேலே 4 மில்லி இடம் கூடும். 17 ஆக இருந்த விகிதம் 16 ஆகிவிடும். 40 மி.மீ. வால்வுகள் இரண்டும் கடைந்து கடைந்து 1 மி.மீ. உள்ளே இறங்கியிருந்தால் இன்னொரு 2.5 மில்லி. வெயிலில் ஓடும் எஞ்சின் இதைத் தாங்கும். குளிர்காலக் காலையில் புகைக்கும்.

இதை அளக்க, 3 மி.மீ. மென்மையான ஈயக் கம்பித் துண்டுகள் இரண்டைக் கிரீஸால் பிஸ்டன் தலையில், பிஸ்டன் பின் போகும் கோட்டின்மேல் ஒட்டுங்கள். வேறு இடத்தில் ஒட்டினால் பிஸ்டன் சாய்ந்து அளவு தவறும். கேஸ்கட்டோடு ஹெட்டை முழுதாக இறுக்கி, ஃப்ளைவீலைக் கையால் ஒரே ஒருமுறை உச்சியைத் தாண்டவிட்டு, கழற்றி, நசுங்கிய தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்து எஞ்சின் புத்தக அளவோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால் மெல்லிய கேஸ்கட், அல்லது சிலிண்டர் அடியில் உள்ள ஷிம்மை (மெல்லிய தகடு) குறைப்பது. புத்தக அளவுக்குக் கீழே போகாதீர்கள், பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும்.

இன்ஜெக்டர்

சோதிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. நாசிலிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்ன முள் குத்தியதுபோலத்தான் தெரியும், ஆனால் அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம். ஸ்பிரே முன்னால் கையை நீட்டவே கூடாது.

டெஸ்டரில் மாட்டி நான்கு விஷயம் பாருங்கள். திறக்கும் அழுத்தம்: பின்டில் வகை நாசில்களுக்குப் பொதுவாக 110 முதல் 150 பார், பல துளை நாசில்களுக்கு 175 முதல் 250 பார். ஸ்பிரிங் தளர்ந்தால் இது இறங்கும், துளி பெரிதாகும். ஸ்பிரே: சீரான பனிக்கூம்பாக இருக்க வேண்டும், நடுவில் கம்பிபோல டீசல் தாரை கூடாது. சத்தம்: மெதுவாக அழுத்தும்போது 'கிர்' என்று கறகறக்க வேண்டும். கடைசியாக, திறக்கும் அழுத்தத்துக்கு 10 பார் குறைவாகப் பத்து வினாடி பிடியுங்கள். நுனியில் சொட்டுத் திரளக் கூடாது. சொட்டும் நாசில்தான் வெள்ளைப் புகைக்கு நேரடிக் காரணம், ஏனென்றால் அந்தச் சொட்டு தெறிக்காமல், நேரங்கெட்ட நேரத்தில் பிஸ்டன்மேல் விழுகிறது.

நாசில் நுனியின் கரியைப் பித்தளைப் பிரஷ்ஷால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். ஊசியும் உடலும் ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. இரண்டு நாசில்களைக் கழற்றினால் ஊசிகளை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அடியில் காப்பர் வாஷர் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பழைய வாஷர் துளையிலேயே ஒட்டியிருப்பதைப் பாராமல் புதிதாக ஒன்றைப் போட்டால், நாசில் மேலேறி, ஸ்பிரே ஹெட்டின் சுவரில் அடித்து வழியும். பழையதையே போட வேண்டுமென்றால் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்து, கறுப்பைத் தேய்த்தெடுத்துப் போடுங்கள். பிடிப்பு நட்டுகள் இரண்டையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒருபக்கம் இறுகினால் ஊசி பிடித்துக்கொள்ளும்.

டெஸ்டர் இல்லாமலும் ஒரு அடையாளம் உண்டு. இன்ஜெக்டர் மாட்டிய நிலையில், டி-கம்ப்ரஷன் போட்டு, எரிபொருள் லீவரை ஓடும் நிலையில் வைத்துக் கையால் சுற்றுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் அந்தக் கறகறப்பு கேட்க வேண்டும். குளிரில் கேட்டு, சூடானபின் கேட்காமல் போனால் பம்புக்குள் டீசலை அழுத்தும் பிளஞ்சர் தேய்ந்திருக்கிறது. சூட்டில் இளகிய டீசல் அதன் பக்கவாட்டில் நழுவுகிறது.

டைமிங்

பம்பை இயக்கும் கேம், ரோலர், டேப்பட் எல்லாம் ஆண்டுக்கணக்கில் தேயும்போது டீசல் சற்றுச் சற்றாகத் தாமதமாகும். பம்பைக் கழற்றி மாட்டியவர் அடி ஷிம்மைத் தொலைத்திருந்தாலோ கூட்டிப் போட்டிருந்தாலோ ஒரேயடியாக மாறும். தாமதமானால் எஞ்சின் மிருதுவாக, சத்தம் குறைந்து ஓடும், திறன் குறையும், சைலன்சர் அதிகம் சூடாகும், வெள்ளைப் புகை வரும். மிருதுவாக ஓடுகிறது என்று அதை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

முதலில் உண்மையான உச்சியைக் கண்டுபிடியுங்கள். ஃப்ளைவீலில் உள்ள கோட்டை நம்ப வேண்டாம், அது வேறு எஞ்சினின் ஃப்ளைவீலாக இருக்கலாம். வால்வு எதிலும் படாதபடி, பிஸ்டன் உச்சிக்குக் கொஞ்சம் முன்பே முட்டி நிற்கும்படி இன்ஜெக்டர் துளையில் ஒரு நிறுத்தியைப் பொருத்தி, ஃப்ளைவீலை ஒருபக்கம் மெதுவாகத் திருப்பி முட்டும் இடத்தை, எஞ்சின் உடலில் உள்ள அம்புக்குறிக்கு நேராக ஃப்ளைவீலில் குறியுங்கள். மறுபக்கம் திருப்பி இன்னொன்று. இரண்டுக்கும் நட்டநடு உச்சி. ஹெட்டுக்குள் வளைவான அறை உள்ள எஞ்சின்களில் இதை ஹெட் கழற்றிய நிலையில்தான் செய்ய முடியும்.

பிறகு டிகிரியை நீளமாக மாற்றுங்கள். ஃப்ளைவீல் விட்டம் 600 மி.மீ. என்றால் சுற்றளவு 1885 மி.மீ.; ஒரு டிகிரிக்கு 5.2 மி.மீ. புத்தகம் உச்சிக்கு முன் 20 டிகிரி என்று சொன்னால், உச்சிக் குறியிலிருந்து விளிம்போடு 105 மி.மீ. அளந்து கோடு போடுங்கள். எந்தப் பக்கம் என்று குழம்ப வேண்டாம்: எஞ்சின் ஓடும் திசையில் திரும்பும்போது அம்புக்குறிக்கு முதலில் வருவது இந்தக் கோடு, பிறகுதான் உச்சி.

இப்போது பம்ப். உயர் அழுத்தக் குழாயைக் கழற்றுங்கள். டெலிவரி வால்வு ஹோல்டரைத் திறந்து, ஸ்பிரிங்கையும் வால்வையும் எடுத்துச் சுத்தமான டீசல் கிண்ணத்தில் வைத்துவிட்டு, ஹோல்டரை மட்டும் திரும்ப மாட்டுங்கள். எரிபொருள் லீவரை முழு ஓட்ட நிலையில் வையுங்கள். டாங்க் குழாயைத் திறந்தால் ஹோல்டர் வழியாக டீசல் தானாக வழியும். ஃப்ளைவீலைக் கம்ப்ரஷன் வீச்சில், ஓடும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். வழிவது மெலிந்து, சொட்டாகி, பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒரு சொட்டு என்று நிற்கும் இடமே பிளஞ்சர் துளையை மூடும் இடம். அங்கே உங்கள் கோடு அம்புக்குறிக்கு நேராக இருக்க வேண்டும். தாண்டிப் போய்விட்டால் நாலில் ஒரு சுற்றுப் பின்னால் எடுத்து மறுபடி முன்னோக்கி வாருங்கள். இப்படிச் செய்யாவிட்டால் பல்சக்கரத் தளர்வு கணக்கில் புகுந்துவிடும். மூன்று முறை ஒரே இடம் வந்தால் அதை நம்பலாம்.

தாமதமாக இருந்தால் டேப்பட் ஸ்க்ரூவை உயர்த்துங்கள், அல்லது பம்ப் அடியில் உள்ள ஷிம்மைக் குறையுங்கள். பம்ப் கேமை நெருங்கினால் டீசல் முன்னதாக வரும். முன்னதாக இருந்தால் நேர்மாறு. ஒருமுறைக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் மாற்றாதீர்கள். கேம் உச்சியில் பிளஞ்சர் மேலே முட்டாமல் சிறிது இடம் இருக்கிறதா என்று பாருங்கள், முட்டினால் பம்ப் உடையும். புகை நிற்கட்டும் என்று புத்தக அளவையும் தாண்டி முன்னால் தள்ளுவது தவறு. எஞ்சின் சுத்தியல் அடிப்பதுபோல இடிக்கும், பெரிய முனை பேரிங் போய்விடும். குளிரில் டீசல் காற்று சூடாவதற்கு முன்பே விழுந்து அதே வெள்ளைப் புகையைத் தரும்.

தண்ணீர்தான் என்றால்

ஜாக்கெட்டிலிருந்து சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறதென்று தெரிந்த எஞ்சினை, டி-கம்ப்ரஷன் போட்டு இரண்டு முழுச் சுற்றுக் கையால் சுற்றாமல் தொடங்கவே கூடாது. இரவில் பிஸ்டன்மேல் தண்ணீர் தேங்கியிருந்தால் அது அமுங்காது. ராடு வளையும், அல்லது ஹெட்டில் வெடிப்பு விழும்.

முதலில் வெளியே பாருங்கள். நேராக நிற்கும் சைலன்சர் குழாய்க்கு மூடி இல்லாமல் மழை இறங்கியிருக்கலாம். தண்ணீர் ஓடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் துருப்பிடித்து உள்ளே கசியலாம். இரண்டுமில்லை என்றால் எஞ்சின் ஓடும்போது தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். லோடு ஏற ஏறக் குமிழி கூடினால் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. கேஸ்கட் போயிருக்கிறது, அல்லது ஹெட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது. ஆயில் குச்சியில் மோர் நிறம் தெரிந்தால் தண்ணீர் கீழேயும் போகிறது. லைனரின் அடி ரப்பர் வளையத்தையும் சேர்த்துச் சந்தேகியுங்கள்.

ஹெட்டைக் கழற்றினால் நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள், 0.1 மி.மீ. தாண்டி வளைந்திருந்தால் மட்டம் எடுக்க வேண்டும். வெடிப்பு வால்வு இருக்கைகளுக்கு நடுவிலும், இன்ஜெக்டர் துளைக்கு அருகிலும்தான் அதிகம் வரும். லைனர் பிளாக்கின் முகத்தைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்று நான்கு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். ஒருபக்கம் தாழ்ந்திருந்தால் எந்தக் கேஸ்கட்டும் அங்கே பிடிக்காது. நட்டுகளை எதிரெதிராக, மூன்று தவணையில் இறுக்குங்கள். சூடாக ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். இறுக்கியதும் வால்வு இடைவெளி குறைந்திருக்கும், அதையும் சரிசெய்யுங்கள்.

சரிசெய்து முதலில் ஓட்டும்போது

தொடங்கும் முன் காற்றுக் குழாயை மூட ஒரு கனத்த பலகையைப் பக்கத்தில் வைத்திருங்கள். சிலிண்டரில் தேங்கிய டீசலோ ஆயிலோ பற்றினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை மீறி எஞ்சின் ஓட்டமெடுக்கும். அப்போது காற்றை அடைப்பது ஒன்றே அதை நிறுத்தும். ஈத்தர் ஸ்பிரே அடித்துத் தொடங்க வேண்டாம். கம்ப்ரஷன் சரியாக இருந்தால் அது தேவைப்படாது, இல்லையென்றால் அது ரிங்கை உடைக்கும்.

சைலன்சருக்குள் பல வாரமாகப் படிந்த எரியாத டீசல், முக்கால் லோடில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஓடும்வரை புகைந்துகொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு டைமிங்கை மறுபடி தொடாதீர்கள். எரியாத டீசல் லைனர் வழியாக, அடியில் ஆயில் நிற்கும் சம்புக்கும் இறங்கியிருக்கும். ஆயில் மட்டம் குச்சியில் ஏறியிருந்தால், ஆயில் தண்ணீர்போல மெலிந்து டீசல் வாசம் அடித்தால், லோடு கொடுப்பதற்கு முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். 50 மணி நேரம் ஓடியபின் மட்டத்தை மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறினால் டீசல் இன்னும் எங்கோ எரியாமல் இறங்குகிறது; இன்ஜெக்டரின் சொட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.